வரி இல்லாத மேடு

போடிநாயக்கனூரிலிருந்து ஒரு சிறு பஸ் பயணத்தில் போய்விடக்கூடிய சின்னமனூரில் கிடைத்த செப்பேடுகள் இல்லாமல் முற்காலப் பாண்டியர் வரலாற்றை எழுத முடியாது. அவற்றில் பெரிய செப்பேடு, 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பாண்டியன் அளநாட்டு நற்செய்கைபுத்தூரை ஓர் அந்தணருக்குத் தானமாகக் கொடுத்ததைச் சொல்கிறது. கொடுத்த கையோடு ஊரின் பெயரும் மந்தரகௌரவமங்கலம் என்று மாறியது. அந்தக் காலத்துத் தானங்களில் பெண் யானையை நடத்தி எல்லை வகுப்பார்கள். கல்லும் கள்ளியும் நாட்டுவார்கள். செப்பேட்டில் ராஜா உண்டு, அவன் முன்னோர் உண்டு, அவர்கள் வென்ற போர்கள் வரிசையாக உண்டு. ஊரில் ஏற்கெனவே குடியிருந்தவர்களின் வாசல் எந்தத் திசை பார்த்தது என்பது இல்லை. அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. பத்திரம் யாருக்கு எழுதப்படுகிறதோ அவருக்கு வேண்டியதைத்தான் சொல்லும்.

அந்த வாசல்களைத் தேட வேறொரு ஏடு இருக்கிறது: மண். மண்சுவர் மழையில் கரையும். கரைந்ததன் மேலேயே அடுத்த சுவர் எழும்பும். அடுப்புச் சாம்பல், உடைந்த பானை, தின்று போட்ட எலும்பு எல்லாம் சேர்ந்து சில நூறு ஆண்டுகளில் ஊர் இருக்கிற இடம் வயலைவிட ஓர் ஆள் உயரம் ஏறிவிடும். பிறகு ஊர் சுருங்கினால், அல்லது ஆற்றுக்கும் சாலைக்கும் ஏற்ப நகர்ந்துகொண்டால், மேடு மட்டும் நிற்கும். தமிழ்நாடு முழுக்க நத்தமேடு, திடல் என்று வழங்குகிற எத்தனையோ இடங்களின் பிறப்பு இதுதான்.

நத்தம் கல்லெழுத்திலும் ஓரிடத்தில் ஏறியிருக்கிறது. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு எழுதிவைத்த ஊர்களின் கணக்கு அங்கே கல்லில் இருக்கிறது. ஒவ்வொரு ஊரின் மொத்த நிலத்திலிருந்தும் குடியிருப்பான ஊர்நத்தம், குளம், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு, ஊடறுத்துப் போகும் வாய்க்கால் ஆகியவற்றைக் கழித்துவிட்டுத்தான் மிச்சத்துக்கு வரி போடுகிறார்கள். வேலி என்ற நில அளவின் நுண்ணிய பின்னங்கள் வரை இறங்கிப் போகிற கணக்கு அது. வீட்டிலும் சுடுகாட்டிலும் நெல் விளையாது. அந்த ஒரு காரணத்தால், குடிகள் வாழ்ந்த இடமும் எரிந்த இடமும் கழித்தல் பகுதியாகக் கல்வெட்டில் ஏறின. சேரிகளைத் தனித்தனியாகக் கழித்திருப்பதால் யாரை யாரிடமிருந்து தள்ளி வைத்தார்கள் என்ற செய்தியும் கூடவே வந்து சேர்ந்தது. எழுதியவர்களுக்கு அது சங்கடமாகத் தோன்றியிருக்காது.

குடிகளின் வாசலை மண்ணில் தேடியவர்கள் வேறிடத்தில் உண்டு. இங்கிலாந்தில் கைவிடப்பட்ட இடைக்கால ஊர்கள் மூவாயிரத்துக்கு மேல். முழுதும் அழியாமல் ஒரு மாதா கோயிலும் நாலு வீடுமாகச் சுருங்கியவை தனி. யார்க்‌ஷயரில் உள்ள வாரம் பெர்சி என்ற ஊரை மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்டும் 1950 முதல் 1990 வரை, நாற்பது ஆண்டுகள், கோடைதோறும் தோண்டினார்கள். அங்கே புதையலும் இல்லை, ராஜாவும் இல்லை. குடியானவன் வீட்டை எத்தனை தடவை இடித்துக் கட்டினான் என்பதுதான் தேடிய பொருள். 1500 வாக்கில் ஆட்டு மந்தைக்காகக் கடைசிக் குடும்பங்களை நிலக்கிழார்கள் வெளியேற்றினார்கள். ஆடு மேய்ந்த நிலத்தில் ஏர் இறங்கவில்லை. அதனால் தெருவும் வீட்டடியும் புல்லுக்குக் கீழே அப்படியே தங்கின. மாலை வெயில் சாய்ந்தால் நிழலில் தெரியும். குடிகளை விரட்டிய ஆடுகளே அவர்களுடைய தடயத்துக்குக் காவலாக இருந்தன.

நம் பக்கம் அந்தச் சலுகை இல்லை; தேடுகிறவர்களின் கண்ணும் இன்னும் பழைய காலத்தின் மேல்தான். வைகைக் கரையோரமாக மலையடி தொடங்கிக் கடல் வரை மத்தியத் தொல்லியல் துறை நடத்திய ஆய்வில் 293 இடங்கள் அடையாளம் காணப்பட்டன; தேனி மாவட்டமும் அதில் அடக்கம். அவற்றில் ஒன்றான கீழடியை உலகம் அறியும். ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், கலைந்துபோன ஈமக்காட்டில், 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த தமிழ் பிராமி நடுகற்களையும் அறியும். மகிழ்ச்சிதான். ஆனால் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் போகிற அவசரத்தில் ஆயிரம் ஆண்டு என்பது வழியில் கிடக்கும் மண். இடைக்காலத்துக்கு மவுசு வேண்டுமானால் அரண்மனை இருக்க வேண்டும், கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேடு போல. அந்தத் தலைநகரமும் சுருங்கிக் கிராமமாகிக் கிடந்தபோது, 1836இல் கீழணை கட்டக் கோயில் மதிலின் கல்லைப் பெயர்த்துத்தான் கொண்டுபோனார்கள்.

போடி மலைச்சரிவில் ஊர் சுருங்குவதைப் பார்க்க ஆயிரம் ஆண்டு தேவைப்படவில்லை. 1902இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908இல் அது சிறு ரயிலானது. டாப் ஸ்டேஷனில் இறங்கிய தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடி கொட்டகுடிக்கு வந்து, அங்கிருந்து போடிக்குப் போயின. 1924 ஜூலை வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போனது. இன்று டாப் ஸ்டேஷனில் ஸ்டேஷன் தவிர மற்றதெல்லாம் உண்டு: டீக்கடை, கேரட் விற்பவர்கள், செல்ஃபி எடுக்க ஒரு முனை. ரயிலின் படங்கள் பத்திரமாக இருக்கின்றன. இன்னின்ன ஆண்டில் இன்ன அகலத்தில் தண்டவாளம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பெட்டி சுமந்தவர்கள் படுத்த லயங்களைப் பற்றி அந்தக் கரிசனத்தில் பாதியைக்கூடக் காணோம். செப்பேட்டின் பழக்கம் மலையேறியும் மாறவில்லை.

மலைச்சரிவிலாவது ஏலத்துக்கு நிழல் வேண்டும் என்பதால் மரம் நிற்கும், மண் அதிகம் புரளாது. கீழே மாந்தோப்புக்கும் இலவ மரத்துக்கும் தென்னைக்கும் நிலம் சமன் ஆகிறது. முன்பு மண்வெட்டிக்குப் பல தலைமுறை எடுத்த வேலை ஜேசிபிக்கு ஒரு காலைப்பொழுது. பானை ஓடு வரப்போரம் ஒதுங்கும். பிள்ளைகள் சில்லு விளையாட எடுத்துக்கொள்ளும்.

தோண்டாமலே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. கிராமத்து 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வீடே இல்லாத வயல்வெளியில் எங்காவது நத்தம் என்று ஒரு புல எண் தனியாக நிற்கிறதா என்று பார்க்கலாம். ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்தே பட்டியல் போட்டுவிடுவார். அப்படிப்பட்ட எண்ணைக் கேட்டுத் தாலுகா அலுவலகப் படியேறுகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது, அங்கே மனை போட முடியுமா என்று.