பறக்காத விமானமும் நமது மனச்சாட்சியும்

முத்திரை சேர்ப்போர் உளர். பழைய நாணயம் சேர்ப்போரும் உளர். மேல்நாடுகளில் இன்னொரு வகைச் சேகரிப்பாளரும் உளர். இரண்டாம் உலகப்போரின்போது ஜேர்மன் பொறியியலாளர் வரைந்து, ஒருபோதும் உருப்பெறாத போர் விமானங்களின் வரைபடங்களை அவர்கள் தேடிச் சேர்க்கின்றனர். இது குற்றமற்ற பொழுதுபோக்குத்தானா? வாசகரே, சற்றுச் சிந்திப்போம்.

“அவை பறக்கவுமில்லை, எவரையும் கொல்லவுமில்லை. வெறுந்தாளில் என்ன பாவம்?” என்று ஒருவர் கேட்கலாம். அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஹான்ஸ் முல்தொப் வரைந்த ‘டா 183’ விமானமாக எழவேயில்லை. அன்றைய ஆய்வுகளில் அறிவும் இருந்தது. பின்சாய்ந்த இறக்கை பற்றிய ஜேர்மன் ஆய்வேடுகளை 1945இல் அமெரிக்கர் கைப்பற்றினர். 1947இல் பறந்த போயிங் பி-47 அவற்றால் பயன்பெற்றது. இன்று நாம் ஏறிச் செல்லும் ஜெட் விமானங்களின் இறக்கைகளும் பின்சாய்ந்தவையே.

எனினும் வரைபடம் தொழிற்சாலைக்காகவே வரையப்படுவது. அன்றைய ஜேர்மனியில் அந்தத் தொழிற்சாலை எத்தகையது? 1944 செப்டெம்பரில் திட்டமிடப்பட்ட ‘ஹைன்கல் 162’ அவ்வாண்டு டிசெம்பர் 6ஆம் திகதியே பறந்தது. இந்த வேகத்தை வியந்து எழுதுவோர் பலர். ஆனால் ஒஸ்திரியாவில், வியன்னாவுக்கு அண்மையிலுள்ள ஹின்டர்ப்ரூல் நிலக்கீழ்ச் சுரங்கத்தில் அவ்விமானத்தைச் செய்யப் பலவந்தப்படுத்தப்பட்டவர்கள் மௌத்தவுசன் வதைமுகாமின் கைதிகள். 1945இல் அங்கிருந்த முகாம் கலைக்கப்பட்டபோது, நடக்க இயலாத நோயாளிகள் கொல்லப்பட்டனர்.

மற்றைய வரைபடங்கள் தாளோடு நின்றது வரைந்தவரின் இரக்கத்தாலன்று; காலம் போதாமையால். யுத்தம் இன்னும் ஓராண்டு நீடித்திருப்பின், அவற்றுக்காகவும் சுரங்கங்கள் நிரம்பியிருக்கும். நிறைவேறாத தீய நோக்கம், நிறைவேறவில்லை என்பதனாலேயே நல்லதாகிவிடுமா?

அப்படியானால் அத்தாள்களைக் கொளுத்திவிட வேண்டுமா? வேண்டியதில்லை. சான்றை அழிப்பது உண்மைக்குச் செய்யும் உதவியாகாது. தாளைச் சேர்ப்பது தவறன்று. அதிலிருந்து மனிதனைக் கத்தரித்துவிட்டுச் சேர்ப்பதே தவறு. வரைபடம் தொங்கும் அதே சுவரில் அச்சுரங்கத்தின் கதையும் தொங்கட்டும். அப்போதுதான் அச்சேகரிப்பு முழுமையானது, நேர்மையானது.

பெற்றோரே, உங்கள் பிள்ளை போர் விமானப் படங்களை வெட்டி ஒட்டுகிறானா? தடுக்காதீர்கள். “எவ்வளவு வேகம்?” என்று அவன் வியக்கும்போது, “யார் கையால் செய்தது? யாருக்கு எதிராக?” என்று கேட்கவும் பழக்குங்கள். அந்த இரண்டு கேள்விகளையும் கேட்கத் தெரிந்த பிள்ளை, நாளை தானே ஒரு வரைபடத்தின் முன் பென்சிலோடு அமரும்போதும் அவற்றை மறவான்.