விதி என்றால் போதுமா?

"பூச்சியத்தால் வகுக்கக் கூடாது; அது விதி." பள்ளிக்கூடத்தில் நம்மிற் பலர் இவ்வளவோடு வாய் மூடியவர்கள். இது கணக்குப் பாடத்தின் சிறு விடயமாகத் தோன்றலாம். ஆனால், காரணம் கூறாத கட்டளைக்கு மனிதன் கீழ்ப்படிய வேண்டுமா என்ற பெரிய கேள்வி இதற்குள் அடங்கியிருக்கிறது.

பெருக்கலின் அடிப்படைகளைச் சற்று நோக்குவோம். எந்த எண்ணை 1 ஆற் பெருக்கினாலும் அவ்வெண் மாறுவதில்லை. எதனைப் பூச்சியத்தாற் பெருக்கினாலும் பூச்சியமே. ஏன்? பூச்சியத்தோடு பூச்சியத்தைக் கூட்டினாலும் பூச்சியந்தான். ஆகவே 5 × 0 ஐ இருமுறை எடுத்தாலும் அது 5 × 0 ஆகவே இருக்கும். இருமடங்காகியும் மாறாதது பூச்சியம் ஒன்றே அன்றோ!

பெருக்கினால் 1 ஐத் தரும் இரண்டு எண்கள், 5 உம் 1/5 உம் போல, ஒன்றுக்கொன்று நிகர்மாறு. ஓர் எண்ணால் வகுப்பது என்பது அதன் நிகர்மாற்றாற் பெருக்குவதே. பூச்சியத்திற்கும் நிகர்மாறு உண்டு என்று பிடிவாதமாக வைத்துக்கொள்வோம். அவ்விரண்டின் பெருக்கம் 1 ஆக வேண்டும், பூச்சியமாகவும் வேண்டும். அப்போது 1 உம் 0 உம் சமமாகிவிடும். பின்பு எந்த எண்ணை 1 ஆற் பெருக்கினாலும் பூச்சியமே வரும். எல்லா எண்களும் பூச்சியமாகும். கடன் கொடுத்தவனின் கணக்கும் வாங்கியவனின் கணக்கும் ஒன்றாகவே அழியும். தடை விதித்தவர் ஆசிரியர் அல்லர், நியாயமே விதித்தது.

கி.பி. 628 இல் பிரமகுப்தர் பூச்சியத்தை ஓர் எண்ணாகவே கொண்டு அதற்குரிய விதிகளை எழுதினார். அவற்றுட் பல இன்றும் நிலைத்திருக்கின்றன. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்று அவர் சொன்னதோ நிலைக்கவில்லை. சொன்னவர் ஒருவரே, நின்றதையும் வீழ்ந்ததையும் தீர்மானித்தது அவருடைய பெயரன்று, காரணமே.

அப்படியானால் எதையும் காரணம் கேட்ட பின்னரே ஏற்க வேண்டுமா? வாய்பாடு படிக்கும் ஏழு வயதுப் பிள்ளையிடம் நிரூபணம் பேச முடியாது. முதலில் நம்பித்தான் மனனம் செய்ய வேண்டும். நம்பிக்கையிற் குற்றமில்லை. ஆனால், "இன்று நம்பு, நாளை கேள், சொல்வேன்" என்பது வேறு. "கேளாதே" என்பது வேறு. முன்னது பிள்ளையை வளர்க்கிறது, பின்னது அடக்குகிறது.

வீட்டிலாயினும், வகுப்பறையிலாயினும், நாட்டிலாயினும், "அது விதி" என்று நாம் சொல்லும்போதெல்லாம் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: இதற்குக் காரணம் உண்டா? கேட்டாற் சொல்ல நான் ஆயத்தமா?