டிக்கியில் பீர், உதட்டில் முருகா



பத்துமலைக்குக் காரில் போய்விட்டு சிங்கப்பூர் திரும்பும் நம்ம பசங்க சிலர் ஜொகூர் பாருவில் வண்டியை நிறுத்துவாங்க. பரோட்டா, பெட்ரோல், அப்புறம் ஒரு பெட்டி பீர். விரதம் முடிஞ்சாச்சு, குடிக்கிறது அவங்கவங்க விஷயம், அதுக்குள்ள நான் போகல. பாலத்துல கார் ஊர்ந்து போகும்போது பின்சீட்டிலிருந்து வர்ற வேண்டுதல்தான் உறுத்துது: "முருகா, இன்னைக்கு டிக்கியைத் திறக்கச் சொல்லக்கூடாது."

மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குள் வருபவர்களுக்கு மதுவில் வரிச்சலுகை கிடையாது. ஒரே ஒரு கேன்னாலும் கணக்குதான். ஆனா தடையும் இல்லை, சொல்லி வரி கட்டிட்டு எடுத்துட்டுப் போகலாம். 320 மில்லி கேன் 24, ஆல்கஹால் 5 சதவீதம்னு வைங்க. சுத்த ஆல்கஹால் 0.384 லிட்டர். அதுக்கு லிட்டருக்கு சுங்கவரி 16 வெள்ளி, கலால் வரி 60 வெள்ளி. ஆக சுமார் 29 வெள்ளி, மேல 9 சதவீதம் ஜிஎஸ்டி. இந்தத் தொகைக்குத்தான் முருகனை இழுக்கிறோம்.

"நான் பொய் சொல்லலையே, யாரும் கேட்கவே இல்லையே"ம்பாங்க. பச்சை வழியில வண்டியை விடுறதே ஒரு பதில்தான். ஃபார்ம்ல எதையும் தொடாம சப்மிட் பண்ணா டீஃபால்ட் வேல்யூ பதிவாகிற மாதிரி, "என்கிட்ட ஒண்ணுமில்ல"ன்னு சொல்லியாச்சு.

29 வெள்ளியில அரசாங்கம் ஏழையாகிடாது, ஒத்துக்கறேன். ஆனா காரை ஓட்டுறவனை யோசிச்சுப் பாருங்க. மாட்டினா முதல் கேள்வி அவனுக்கு. குற்றத்துக்குப் பயன்பட்ட வண்டியைப் பறிமுதல் பண்ணவும் அங்க சட்டத்துல இடமிருக்கு. வேலை பாஸ்ல இருக்கிறவன்னா எத்தனை ராத்திரி தூக்கம் போகும்! பல நேரம் டிக்கியில என்ன இருக்குன்னுகூட அவன்கிட்ட சொல்றதில்ல. அவனைக் கேட்காமலே அவன் தோள்ல ஏத்தின சுமை அது.

இன்னொண்ணு. கயிலாயத்துல சின்னப் பிள்ளைதானேன்னு கண்டுக்காம கடந்து போன பிரம்மாவைக் கூப்பிட்டு நிறுத்தி, பிரணவத்துக்குப் பொருள் கேட்டவர் நம்ம முருகன். பதில் வரல, சிறையில போட்டார். அவர்கிட்டயே போய், "என்னை நிறுத்தாம, கேள்வி கேட்காம விட்டுடு"ன்னு வேண்டுறது கொஞ்சம் வேடிக்கையா இல்ல?

சோதனைச் சாவடிக்கு வர்றதுக்கு முன்னாடியே சுங்கத்துறையோட இணையப் பக்கத்துல பொருளைச் சொல்லி, போன்லயே வரி கட்டிடலாம். கட்டிட்டு, பாலத்து நெரிசல்ல நிதானமா கந்த சஷ்டி கவசம் போட்டுக் கேட்டுக்கிட்டு வாங்க.

வேலும் மயிலும் துணை.