கால் அங்குல தர்மம்

பலர் சேர்ந்து வாழ வேண்டுமானால் அவர்களுக்குள் எவ்வளவு பொதுவாக இருக்க வேண்டும், எவ்வளவை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம் என்ற கேள்வி, குடும்பத்திலும் ஊரிலும் ராஜ்யத்திலும் ஒருபோதும் ஓய்ந்ததில்லை. எல்லாவற்றிலும் ஒற்றுமை வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கமும், எதிலும் நிர்ப்பந்தம் கூடாது என்பவர்கள் மறுபக்கமும் நின்று வெகுகாலமாக வாதாடி வருகிறார்கள்; கேட்கிறவர்களுக்கோ இரு தரப்பிலும் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. சாஸ்திரங்களையும் சட்டங்களையும் துணைக்கழைத்து விவாதிக்க வேண்டிய இந்தப் பெரிய விஷயத்தில் எனக்கு ஓரளவு தெளிவு பிறந்த இடம், அமெரிக்காவில் ஒரு க்வில்ட் கண்காட்சிக்குப் போயிருந்தபோது, பெண்கள் சிலர் தங்கள் கையால் தைத்த துணிக் கட்டங்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்ட ஒரு மேஜை.

க்வில்ட் என்பது மூன்று அடுக்காலான போர்வை. மேலே, பல துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த முகத்துணி, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றையும் ஊடுருவிச் சென்று, ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் பிணைப்பது ஓட்டுத் தையல். குளிர்நாட்டு வாழ்க்கையில் நீண்ட இரவுகளுக்கு ஒரு துணையாக நான் இந்தக் கைவேலையைக் கற்றுக்கொண்டேன். பிறகு அது பொழுதுபோக்கு என்ற அளவைத் தாண்டி, மனத்தை ஒருநிலைப்படுத்தும் ஓர் அப்பியாசமாகவே ஆகிவிட்டது. வீட்டு வேலையையும் உத்தியோகத்தையும் சில நாட்கள் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒத்த ருசியுடைய சிநேகிதிகளோடு படூக்காவுக்குப் புறப்பட்டபோது, நெடுநாள் எண்ணியிருந்த யாத்திரை ஒன்று கைகூடிய உத்ஸாகம் எனக்கு உண்டாயிற்று.

படூக்கா, கென்டக்கி மாநிலத்தின் மேற்குப் பகுதியில், ஒஹாயோ ஆற்றோடு டென்னஸி ஆறு வந்து கலக்குமிடத்தில் அமைந்த சிறிய நகரம். அவ்வூரைச் சேர்ந்த பில் ஷ்ரோடரும் அவர் மனைவி மெரிடித்தும் 1984-இல் அமெரிக்க க்வில்ட் கலைஞர்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கி, மறு வருஷமே முதல் கண்காட்சியை நடத்தினார்கள். 1991-இல் அங்கே க்வில்ட்டுகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. வசந்த காலத்தில், டாக்வுட் மரங்கள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கும் ஏப்ரல் மாதத்தில், ஊரின் ஜனத்தொகைக்கு ஈடான கூட்டம் இந்த ஒரு கலைக்காக அங்கே வந்து சேர்கிறது. பாட்டியர் படுக்கைக்காகச் செய்துவந்த ஒரு காரியத்துக்கு இவ்வளவு பெரிய கௌரவம் கிடைப்பதைக் கண்ணால் காண்பதே பெரிய பாக்கியம்.

கண்காட்சியில் பார்வையாளர் எவரும் க்வில்ட்டைத் தொடலாகாது. ஆனால் வெள்ளைக் கையுறை அணிந்த தொண்டர்கள் ஆங்காங்கே நிற்கிறார்கள். பின்பக்கத்தைப் பார்க்க வேண்டுமென்று கேட்டால், ஓரத்தை இரண்டு விரல்களால் மெல்லப் பிடித்துத் திருப்பிக் காட்டுகிறார்கள். முகத்துணியின் வர்ணஜாலத்தில் கண்ணுக்குத் தப்பியதெல்லாம் அங்கே தெரிகிறது. தையல் ஒவ்வொன்றும் எவ்வளவு சீராகக் கீழே இறங்கியிருக்கிறது, நூல் தீர்ந்து புது நூல் தொடங்கிய இடம் எது, முடிச்சு எப்படிப் பஞ்சுக்குள் இழுத்து மறைக்கப்பட்டிருக்கிறது என்பதையெல்லாம் வெறும் வெள்ளைத் துணி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது. பரிசு பெற்ற வேலைகளின் முன் நின்றபோது, ஒரு மனிதப் பிறவி தன் சிரத்தையையெல்லாம் ஒரே பொருளில் செலுத்தினால் எவ்வளவு தூரம் போக முடியும் என்ற ஆச்சரியத்தில் நான் பேச்சற்று நின்றேன். மகோன்னதமான அந்தத் தனித்திறமைக்கு நான் என்றும் வணக்கம் செலுத்துவேன். ஆனால் என் சிந்தனையைப் பெரிதும் கிளறியது, அன்று மாலை நாங்கள் கூடிய இடத்தில் நடந்த எளிய பரிவர்த்தனைதான்.

அதன் முறை இது. பங்குகொள்ளும் ஒவ்வொருவரும் ஒரே அளவில் சில கட்டங்களைத் தைத்துக் கொண்டுவருகிறார்கள். அவற்றையெல்லாம் ஒன்றாகக் கலந்து, கொடுத்த எண்ணிக்கைக்குச் சமமாக, வெவ்வேறு கைகள் தைத்த கட்டங்களைத் திருப்பித் தருகிறார்கள். பணம் இதில் இல்லை. தான் தைத்தது யாருக்குப் போகும் என்று தைக்கும்போது ஒருத்திக்குத் தெரியாது. தனக்கு என்ன வரும் என்பதும் தெரியாது. வந்தவற்றையெல்லாம் சேர்த்து ஒரே போர்வையாக்க வேண்டியது அவரவர் பொறுப்பு. நிறம் இன்னதுதான் என்ற விதி கிடையாது. அச்சுத் துணியா, கோடு போட்ட துணியா, எந்த உருவம் என்பவையும் தைப்பவளின் இஷ்டம். அந்த ஒரே அளவைக் காக்க விதி ஒன்றே ஒன்றுதான்: தையலுக்குப் பிடிக்கும் துணி, இணைப்பின் இரு பக்கமும் கால் அங்குலம் இருக்க வேண்டும்.

இந்தக் கால் அங்குலத்தின் மகிமை, கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். ஒன்பது சதுரங்களை மும்மூன்றாகச் சேர்த்த எளிய கட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சதுரத்தையும் 4½ அங்குலமாக வெட்டுகிறோம். இணைத்து முடித்த பிறகு கட்டம் 12½ அங்குலம் நிற்க வேண்டும், போர்வையில் சேர்ந்தபின் அது 12 அங்குலமாகத் தெரியும். தைப்பவள் கால் அங்குலத்துக்கு மேல், அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு மட்டும் கூடுதலாகப் பிடித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் இணைப்பிலும் இரு பக்கத் துணியும் அந்த அளவு உள்ளே போய்விடுவதால், இரண்டு இணைப்புகளில் கட்டம் கால் அங்குலம் சுருங்கிவிடுகிறது. அத்தகைய ஆறு கட்டங்களை வரிசையாகச் சேர்த்தால் ஒன்றரை அங்குலம் குறைகிறது. அடுத்த வரிசையோ முழு அளவில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத் தைக்க முற்பட்டால் துணி சுருங்கி மடிகிறது, மூலைகள் ஒன்றோடொன்று பொருந்த மறுக்கின்றன. கைதேர்ந்தவர்கள் இதனால்தான் கால் அங்குலத்துக்கும் ஒரு நூலிழை குறைவாகவே தைக்கிறார்கள். தையலை இஸ்திரி போட்டு மடிக்கும்போது அந்த மடிப்பே ஓர் இழையளவு துணியைத் தின்றுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நிறத்தில் இவ்வளவு சுதந்திரமும் அளவில் இவ்வளவு கண்டிப்பும் ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். நிறங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டாலும் கட்டங்கள் சேரும். முதலில் உறுத்துகிற அந்த முரண்பாடே சிறிது நேரம் கண் பழகியபின் போர்வைக்கு ஜீவனைக் கொடுப்பதும் உண்டு. அளவு முரண்பட்டாலோ எவ்வளவு அழகான கட்டமும் பக்கத்துக் கட்டத்தோடு சேராது. ஆகவே சேர்வதற்கு எது இன்றியமையாததோ அதுவே பொதுவிதியாக வைக்கப்பட்டது. சேர்வதற்கு அவசியமில்லாததெல்லாம் அவரவருக்கே விடப்பட்டது. அந்தப் பொதுவிதியும் மிகச் சிறியது. எல்லோருக்கும் ஒரே மாதிரியானது. வேலை முடிந்தபின் மடிப்புக்குள் மறைந்துபோய், யாருடைய புகழுக்கும் உரியதாகாமல் போர்வையைத் தாங்கி நிற்பது.

தருபவளுக்கு ஒரு தர்மம் இருப்பதுபோல, பெறுபவளுக்கும் ஒன்று உண்டு. எனக்கு வந்த கட்டங்களில் ஒன்று ஆழ்ந்த பழுப்பும் கடுகு மஞ்சளும் கலந்தது. நானாகக் கடைக்குப் போனால் அந்த இரண்டையும் சேர்த்து வாங்கமாட்டேன். அளவும் சற்றுக் குறைவு. ஆனால் அதைப் பின்புறம் திருப்பியபோது, தையல்கள் நெருக்கமாகவும், ஒவ்வோர் இணைப்பின் நுனியிலும் மறுதையல் போட்டு உறுதிசெய்யப்பட்டும் இருந்ததைக் கண்டேன்; யாரோ ஒருத்தி, தன் கண்ணோ கையோ முன்போல் ஒத்துழைக்காத நிலையிலும், முகமறியாத ஒருத்திக்காகத் தன்னாலானதைக் குறைவின்றிச் செய்திருக்கிறாள் என்பது அந்தத் தையலிலிருந்தே எனக்குப் புலப்பட்டது. இத்தகைய கட்டங்களுக்கு ஒரு பரிகாரம் உண்டு. நாற்புறமும் மெல்லிய துணிப்பட்டை ஒன்றை வைத்துத் தைத்து, பிறகு தேவையான அளவுக்கு வெட்டிக்கொள்வது. பட்டை வைத்தபின் அந்தக் கட்டம் மற்றவற்றுக்குச் சமமாகிவிடுகிறது. சட்டமிட்ட படம்போல் சற்று எடுப்பாகவும் தெரிகிறது. குறையை இழுத்துப் பிடித்துச் சரிக்கட்டினால் போர்வை முழுவதும் கோணும். குறையைச் சொல்லித் திருப்பி அனுப்பினால் உறவு கோணும். தன் துணியில் கொஞ்சத்தைச் செலவிட்டு இட்டு நிரப்புவதுதான் பெற்றுக்கொள்ளத் தெரிந்தவர்கள் செய்கிற காரியம். அளவை நம்மிடத்தில் கண்டிப்பாகவும் பிறரிடத்தில் தாராளமாகவும் வைக்க வேண்டும் என்ற பாடத்தை நான் புத்தகங்களில் படித்திருக்கிறேன். விரலால் உணர்ந்தது இங்கேதான்.

இந்தக் கலையின் சரித்திரமும் இதே உண்மையைப் பலவிதமாகச் சொல்லுகிறது. 1840-களில் அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில், ஊரைவிட்டு வெகுதூரம் போகிற பெண்ணுக்கு உறவினரும் சிநேகிதிகளும் ஆளுக்கொரு கட்டம் தைத்து, அதில் அழியாத மையால் தம் பெயரை எழுதி, எல்லாவற்றையும் சேர்த்த போர்வையைக் கொடுத்தனுப்பும் வழக்கம் பரவியிருந்தது. எழுத்து பலவிதம், கைத்திறன் பலவிதம். கட்டத்தின் அளவு மட்டும் ஒன்று. அதற்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், எய்ட்ஸ் நோயால் மாண்டவர்களின் நினைவாக சான் பிரான்சிஸ்கோவில் க்ளீவ் ஜோன்ஸ் முதலானோர் தொடங்கிய மாபெரும் க்வில்ட் 1987 அக்டோபர் 11-ஆம் தேதி வாஷிங்டன் நகரின் பெரிய புல்வெளியில் விரிக்கப்பட்டபோது, அதில் 1,920 துணிப்பலகங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 3 அடி அகலம், 6 அடி நீளம். ஏறத்தாழ ஒரு மனிதனைப் புதைக்கும் இடத்தின் அளவு. அந்த அளவுக்குள் தாயார் மகனின் சட்டையைத் தைக்கலாம், தோழன் தோழனின் பெயரை எழுதலாம், பொம்மையையோ பதக்கத்தையோ வைத்துக் கட்டலாம். தடை ஏதும் இல்லை. எட்டுப் பலகங்கள் சேர்ந்தால் 12 அடிச் சதுரம் ஒன்றாகிவிடும். இறந்தவர்களில் பலரைச் சமூகம் ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. துக்கத்தின் பாஷை அவரவருக்கே சொந்தமாக இருந்ததனாலும், அளவு அனைவருக்கும் பொதுவாக இருந்ததனாலும், தனித்தனியே அடக்கி வைக்கப்பட்ட துயரங்கள் ஒரு தேசம் கண்டு தலைகுனியும் ஒரே காட்சியாகச் சேர முடிந்தது.

இதற்கு ஓர் ஆக்ஷேபம் எழலாம். அலபாமா மாநிலத்தில், ஆற்றின் வளைவுக்குள் அடங்கிய ஜீஸ் பெண்ட் என்ற கிராமத்தின் கறுப்பினப் பெண்கள், அளவு நாடாவையும் நுட்பமான கணக்கையும் பெரிதாக மதிக்காமல், கண்ணையும் மனத்தையும் நம்பித் தைத்த க்வில்ட்டுகள் 2002-இல் ஹூஸ்டன் கலைக்கூடத்தில் வைக்கப்பட்டபோது ரசிகர்கள் வியந்து போற்றினார்கள். அவ்வூரைச் சேர்ந்த மிசௌரி பெட்வே, காலஞ்சென்ற கணவரின் உழைத்துத் தேய்ந்த உடுப்புகளைக் கொண்டே 1942-இல் ஒரு போர்வை தைத்தார். அதன் நேரற்ற கோடுகளில் இருக்கும் கம்பீரத்தை எந்த அளவுகோலும் தந்திருக்க முடியாது. உண்மைதான். தான் மட்டும் தைக்கும் முகத்துணியில் ஒருத்தி தனக்குத் தானே அரசி; அங்கே கால் அங்குலத்துக்கு அதிகாரமில்லை. பலர் சேருமிடத்தில்தான் பொது அளவு வேண்டும். அந்த அளவு சிலருக்கு மறுக்கப்பட்டால் நேர்வது என்ன என்பதையும் அதே கிராமம் காட்டுகிறது. 1962-இல் அவ்வூரார் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள முயன்ற காலத்தில், மாவட்டத் தலைநகருக்குப் போக அவர்களுக்கிருந்த ஆற்றுப் படகு நிறுத்தப்பட்டது; பலப்பல மைல் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. படகு மீண்டும் ஓடத் தொடங்கியது 2006-இல். அந்தப் பெண்களின் நிறமும் பேச்சும் பாட்டும் மாறவேண்டிய அவசியமே இல்லை. பிரஜைக்குரிய பொது அளவு ஒன்று அவர்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லோருக்கும் சமமாக வைக்கப்படாத அளவு அளவே அல்ல. அது பலவான் கையிலுள்ள கோல்.

நம் வீடுகளை நினைத்துப் பார்க்கிறேன். மாமியாரும் மருமகளும், தகப்பனாரும் பிள்ளையும், அண்ணனும் தம்பியும் மனம் முறிந்து நிற்பதற்குக் காரணங்களை ஆராய்ந்தால், அவற்றில் பெரும்பாலானவை நிறத்தைப் பற்றிய வழக்குகளாகவே இருக்கின்றன. எதை உண்பது, எப்படி உடுப்பது, எந்தப் படிப்பைப் படிப்பது, யாரைக் கல்யாணம் செய்துகொள்வது, எந்தக் கடவுளை எந்த முறையில் கும்பிடுவது என்பவற்றில் எல்லோரையும் ஒரே சாயத்தில் தோய்த்துவிட எவ்வளவு பிரயத்தனம்! அதே வீட்டில், சொன்ன சொல்லைக் காப்பது, பிறர் பேசி முடிக்கும்வரை கேட்பது, எதிரில் இல்லாதவரைப் பற்றி எதிரில் சொல்லத்தக்கதையே சொல்வது, உழைப்பில் தன் பங்கைக் குறைக்காமல் செய்வது என்ற சின்னஞ்சிறு அளவுகள் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. இவை பார்வைக்கு அற்பமானவை. இவற்றைக் கடைப்பிடித்ததற்காக யாரும் யாருக்கும் மாலை போடுவதில்லை. ஆனால் ஒருவர் இவற்றில் நூலிழை பிசகினாலும், வரிசையின் கடைசியில் இருப்பவர்வரை அந்தப் பிசகு கூடிக்கொண்டே போய்ச் சேருகிறது.

பிறருடைய ருசியைத் திருத்தும் வேலையிலிருந்து நம்மை நாமே விடுவித்துக்கொண்டால், அதனால் மிஞ்சுகிற சக்தியெல்லாம் நம் தையல் சரியாக விழுகிறதா என்று பார்க்கப் பயன்படும். எது சேர்வதற்கு இன்றியமையாதது, எது வெறும் பழக்கமும் பிடிவாதமும் என்று பிரித்தறிவதே விவேகம். பொதுவிதி எவ்வளவு சிறியதாக இருக்கிறதோ அவ்வளவு உண்மையாக அதைக் காப்பாற்றுவதே ஒழுக்கம். கட்டளையிடுகிறவர்களுக்கும் இதுவே, கட்டுப்படுகிறவர்களுக்கும் இதுவே. அளவுகோலை முதலில் தன் துணிமேல் வைத்துப் பார்ப்பவனுக்கே பிறர் துணியைத் தன் துணியோடு சேர்த்துத் தைக்கும் தகுதி உண்டாகிறது.