இருக்கையும் கிண்ணமும்

ஒருவரைத் திருச்சபையின் முழு உறுப்பினராக ஆக்குவது எது என்ற கேள்விக்குக் கிறிஸ்தவ மரபு ஒரே விடையைத் தந்ததில்லை. இளையோரை ஆலய வாழ்வில் இணைப்பது பற்றிய பேச்சு கித்தார், முகாம், கிரிக்கெட் போட்டி என்ற அளவில் நின்றுவிடுவதற்கு அந்தக் கேள்வி தொடப்படாமல் கிடப்பதே காரணம். தொடக்க காலத்தில் ஞானஸ்நானம், தூய ஆவியைப் பெறுவதன் அடையாளமாகத் தைலம் பூசும் உறுதிபூசுதல், நற்கருணை ஆகிய மூன்றும் ஒரே வழிபாட்டில் வழங்கப்பட்டன. கிழக்குத் திருச்சபைகள் இன்றும் கைக்குழந்தைக்கு மூன்றையும் சேர்த்தே வழங்குகின்றன. மேற்கிலோ ஆயரின் வருகைக்குக் காத்திருக்க நேர்ந்ததால் உறுதிபூசுதல் தனியே பிரிந்தது. 1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் முதல் நற்கருணைக்குரிய வயதை ஏறத்தாழ ஏழாகக் குறைத்தபின், பல இடங்களில் உறுதிபூசுதல் நற்கருணைக்கும் பின்னால் தள்ளப்பட்டுப் பதின்ம வயதின் சடங்காயிற்று. ஆங்கிலிக்கன் மரபு இதனைத் திடப்படுத்தல் என்று அழைக்கும்; 1281இல் கன்டர்பரிப் பேராயர் ஜான் பெக்கம் விதித்த கட்டுப்பாட்டைத் தொடர்ந்து, அதைப் பெறாதவர் நற்கருணையாகிய திருவிருந்தில் பங்குபெறலாகாது என்பதே நெடுங்காலம் பொதுநெறியாக இருந்தது. ஆக, ஒரு மரபில் பிள்ளை பந்தியில் அமர்ந்த பிறகு உறுதிப்படுத்தப்படுகிறது, மற்றதில் உறுதிப்படுத்தப்படும்வரை நெடுங்காலம் பந்திக்கு வெளியே நின்றது. இரண்டிலும் அச்சடங்கு மறைக்கல்வி வகுப்பின் இறுதிப் பரீட்சை போலாகி, உள்ளே அழைக்க ஏற்பட்டதே விடைகொடுக்கும் நிகழ்வாக முடிந்துவிடும் ஆபத்து உண்டு.

இலங்கையில் கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் இச்சிக்கலுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 1854இல் தோன்றி 1929இல் மகாவலிக் கரையிலுள்ள இவ்வூருக்கு இடம்பெயர்ந்த புனித அந்தோனியார் கல்லூரியும், திருச்சபை மிஷனரிச் சங்கம் 1872இல் கண்டியில் நிறுவிய திரித்துவக் கல்லூரியும் நெடுங்காலமாகக் கிறிஸ்தவப் பிள்ளைகளை வளர்த்துவரும் பாடசாலைகள். பாடசாலைச் சிற்றாலயத்தில் வேதபாடம் வாசிப்பவனும் பாடகர் குழுவை நிறைப்பவனும் மாணவனே. பரிவால் அன்று, அங்கே வேறு ஆளில்லாததால். அதே மாணவன் ஞாயிறன்று பங்கு ஆலயத்துக்கு வரும்போது எல்லாப் பணிகளும் முன்பே பெரியவர்களின் கையில் இருப்பதைக் காண்கிறான். தேயிலைத் தோட்டங்களில் வேர்கொண்ட தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ படித்துவிட்டுத் தமிழ் வழிபாட்டில் தட்டுத்தடுமாறி வாசிக்கும்போது, அத்தடுமாற்றம் ஆர்வமின்மையாகவே பெரும்பாலும் எண்ணப்படுகிறது. சிங்களம், தமிழ் ஆகிய இரு மொழி மாணவரையும் ஒரே வளாகத்தில் குருத்துவப் பணிக்குப் பயிற்றும் இலங்கை இறையியல் கல்லூரி 1963 முதல் அருகிலுள்ள பிலிமத்தலாவையில் இயங்கிவருவதை நினைத்தால், இரு மொழிகளும் ஒன்றாய் வாழ முடியும் என்பது இவ்வட்டாரத்துக்குப் புதிய செய்தியன்று.

2018இல் ரோமில் இளையோர் குறித்து நடந்த ஆயர் மாமன்றத்தைத் தொடர்ந்து, மறு ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ‘கிறிஸ்து வாழ்கிறார்’ என்னும் ஊக்கவுரை, இளையோர் திருச்சபையின் நாளைய சொத்து மட்டுமல்லர், இன்றைய பகுதியும் ஆவர் என்று வலியுறுத்தியது. சொல்வதற்கு எளிதான இக்கருத்து, பங்குச் சபையில் இளைஞர் பிரதிநிதி ஒருவருக்கு நாற்காலி போடுவதோடு நிறைவேறிவிட்டதாகக் கொள்ளப்படும்போது பொருளிழக்கிறது.

திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்தில் ஓவியர் டேவிட் பெயின்டர் 1928இல் தீட்டிய சுவரோவியம், செபெதேயுவின் மக்கள் யாக்கோபுக்கும் யோவானுக்கும் இயேசுவின் வலப்புறமும் இடப்புறமும் இருக்கை வேண்டி அவர்களுடைய தாய் மன்றாடும் நிகழ்ச்சியைக் காட்டுகிறது. மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் வரும் இந்நிகழ்ச்சியில், இருக்கை தருவது தம் பொறுப்பன்று என்று கூறும் இயேசு, தாம் குடிக்கவிருக்கும் கிண்ணத்தில், அதாவது துன்பத்தில், அவர்களுக்குப் பங்குண்டு என்கிறார். இன்றைய ஆலயங்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: இருக்கை தாராளமாகக் கிடைக்கிறது, கணக்கு வழக்கு, நோயாளர் சந்திப்பு, மரண வீட்டுப் பொறுப்பு, சண்டையிட்ட குடும்பங்களை ஒப்புரவாக்கும் வேலை ஆகியவை மட்டும் வயது முதிரும்வரை மறுக்கப்படுகின்றன. நற்செய்தியாளரின் நடையில் இன்னொன்றும் கவனிக்கத் தக்கது: மக்களுக்காகப் பேச முன்வந்தவர் தாய், ஆனால் அந்தக் கிண்ணத்தைக் குடிக்க இயலுமா என்ற வினா அவரைக் கடந்து நேராக மக்களிடமே கேட்கப்படுகிறது.