சலுகையா, கடமையா?

விற்கிறவனுடைய பொறுப்பு எந்தத் தேதியில் முடிகிறது? வாரண்டிக் காகிதத்தைக் கேட்டால் உடனே பதில் சொல்லிவிடும். மனசாட்சியைக் கேட்டால் அத்தனை சுலபமாகப் பதில் வருவதில்லை.

3 வருஷ வாரண்டியோடு வாங்கிய என் கார், 37-ஆம் மாதம் கியர் விழாமல் நின்றுவிட்டது. ஓடியிருந்த தூரம் 40,000 கிலோமீட்டர்கூட இல்லை. கியரை இயக்கும் மின்னணுப் பகுதியையே மாற்ற வேண்டும், 1,60,000 ரூபாய் ஆகும் என்றார்கள். தவணை தவறாமல் அவர்களிடமே சர்வீஸ் செய்த ரசீதுகளை நீட்டினேன். "வாரண்டி போன மாசத்தோட முடிஞ்சிடுச்சே, சார்!" என்றார் மேலாளர். அவர் சொன்னது பொய்யில்லை.

கம்பெனியின் கட்சியிலும் நியாயம் உண்டு. டயர் தேயும், பிரேக் பேட் தேயும், கிளச் பிளேட் தேயும். பத்து வருஷம் மேடு பள்ளமெல்லாம் ஓட்டிவிட்டு, தேய்ந்ததற்கும் செய்தவனே பொறுப்பு என்றால் அது பேராசை. அப்படி ஒரு பொறுப்பை அவன் தலையில் சுமத்தினால், அதற்கும் சேர்த்து விலை வைத்து நம் தலையிலேயே திருப்பிக் கட்டுவான். எனவே, எங்கேயாவது ஒரு கோடு போடத்தான் வேண்டும்.

ஆனால் 37-ஆம் மாதம் வெளிப்பட்ட குறை, 37-ஆம் மாதம்தான் பிறந்ததா? தொழிற்சாலையிலிருந்தே கூட வந்த குறையானால், வாரண்டி இருந்த நாளெல்லாம் அதுவும் உள்ளே இருந்திருக்கிறது. தலைகாட்டவில்லை, அவ்வளவுதான்.

சட்டம்கூட இதை அறியாமலில்லை. கடைக்காரர் தம் வியாபாரப் பொருளை விற்கும்போது, அது விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமலே உள்ள நிபந்தனையாக 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு வைத்திருக்கிறது. பார்த்து வாங்கியவன், பார்த்தபோதே தெரிந்திருக்க வேண்டிய குறையைப் பிறகு சொல்லி இந்த நிபந்தனையைக் காட்ட முடியாது. உள்ளே ஒளிந்திருந்த குறைக்கு அந்தத் தடை இல்லை. எழுதிக் கொடுத்த உத்தரவாதம், தன்னோடு முரண்பட்டாலன்றி, எழுதாத இந்த நிபந்தனையை அழித்துவிடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

அப்படியானால் அந்தத் தேதியோடு முடிவதுதான் என்ன? கேட்டவுடன் கிடைக்கிற வசதி முடிகிறது. அதுவரை, பழுது என்று சொன்னாலே போதும். அதற்குப் பிறகு, அது பிறவிக் குறை என்று வாங்கியவன் நிரூபிக்க வேண்டும். கியர் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அறியாத ஒருவன், அதைச் செய்தவனோடு வாதாடி நிரூபிக்க வேண்டும்!

விடாமல் நான்கு கடிதங்கள் எழுதினேன். 'நல்லெண்ணத்தின் பேரில் விசேஷச் சலுகை'யாகப் பாதிச் செலவை ஏற்பதாகப் பதில் வந்தது. அந்தச் சலுகை என்ற வார்த்தைதான் என்னை உறுத்தியது. குறை அவர்களுடையது என்றால் பாதி ஏன்? முழுவதும் தர வேண்டும். என்னால் கெட்டது என்றால் அந்தப் பாதிதான் எதற்கு? காரணத்தை ஆராயாமல் பணத்தை மட்டும் கொடுத்தால், கேள்வி கேட்கிறவனின் வாயை அடைத்ததாகத்தான் ஆகும்.

பட்டறையில் அதே பழுதோடு இன்னொரு கார் நின்றிருந்தது. வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவருடையது. "கேட்டாத் தருவாங்களா, சார்?" என்றார் அவர். மனைவியின் வளையல்களை அடகு வைத்து முழுப் பணத்தையும் ஏற்கனவே கட்டியிருந்தார். கடிதம் எழுதத் தெரிந்தவனுக்குப் பாதி, தெரியாதவனுக்கு ஒன்றுமில்லை. சலுகையின் லட்சணம் இதுதான். கடமையாக இருந்தால் இருவருக்கும் ஒரே கணக்கு இருந்திருக்கும்.

பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். எனக்குப் பணம் தேவைப்பட்டது. ஆனால் 'சலுகைக்கு நன்றி' என்று எழுதித் தர மறுத்துவிட்டேன். பழுதின் காரணத்தை எழுத்தில் தரும்படியும், அந்த மனிதருக்கும் அதே பாதியைத் திருப்பித் தரும்படியும் ஐந்தாவது கடிதம் எழுதியிருக்கிறேன். நமக்கு உரியதைப் பிச்சையாக வாங்கிக்கொண்டு கும்பிடு போட்டோமானால், அடுத்தவன் அதை உரிமையாகக் கேட்கிற வழியையும் நாமே அடைத்தவர்களாவோம்.