சட்டம் போடாத படி

எங்கள் பக்கத்தில் ஒரு பொடியன் 100 சிசி வண்டியில் எவ்வளவு தூரம் போனாலும் வீட்டில் பெரிதாகப் பேச்சு எழுவதில்லை. வாழைச்சேனைக்குப் போவான், மட்டக்களப்புக்குப் போவான், சில நாள் பொலநறுவை வரைக்கும் போய் வருவான். "கவனமாப் போ மனே" என்பதோடு தாயின் பங்கு முடிந்துவிடும். அதே பொடியன் "இதைக் குடுத்திட்டு 150 ஒண்டு எடுக்கப் போறன்" என்று வாய் திறந்தால் அன்றிரவே வீடு இரண்டாகிவிடும்.

அக்கா வீட்டில் இந்த ஆண்டு நடந்தது அதுதான். அக்காவின் மகனுக்கு, என் மருமகனுக்கு, பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை. பின்னேர ஷிப்ட் முடிந்து சித்தாண்டிக்கு வீடு திரும்பும்போது நடுச்சாமம் ஆகியிருக்கும். ஓடுவது தகப்பனின் பழைய சிடி 100. "இருக்கிற வண்டி ஓடுதுதானே மனே, மறுகா என்னத்துக்கு இன்னொண்டு?" என்றாள் அக்கா. அத்தான் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பதே ஒரு பதில்தான். நியாயம் சொல்ல மாமன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அங்கே நான் சொன்னதையும், சொல்ல நேரம் போதாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் இது ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை.

முதலில் அக்காவின் பயம். அதை நான் லேசாக எடுக்கமாட்டேன். மற்ற ஊர்களில் பிள்ளை பெரிய வண்டி கேட்டால் தாய் விபத்தை நினைத்துப் பயப்படுவாள். இங்கே அதற்குக் கீழே இன்னொரு பயம் கிடக்கிறது. 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்களில் 150க்கும் மேற்பட்டோர் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள், அவர்கள் திரும்பவில்லை. அந்த வளாகம் சித்தாண்டியிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். அக்கா அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. வெளியே போன ஆண்பிள்ளை இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பதை அவள் படித்தது அந்த நாட்களில். பிறகு 2004 டிசம்பர் 26. கல்குடா, பாசிக்குடாக் கரையைக் கடல் எடுத்த அன்று, காலையில் போனவர்கள் மதியம் இல்லை என்பதையும் பார்த்தாள். பிள்ளை வரும்வரை படலையில் நிற்கும் தாய்க்குக் குதிரைவலு பற்றி விளக்கம் சொல்லிப் பயனில்லை. அவளுடைய கணக்கு வேறு: போனவன் வர வேண்டும்.

ஆனால் ஒரு காலத்து ஆபத்திலிருந்து கற்ற பயம் இன்னொரு காலத்து ஆபத்தைக் கண்டுபிடிக்கத் திணறும். போர்க்காலச் சோதனைச்சாவடிக்குப் பயந்த பயம், இப்போது சிசிக்குப் பயப்படுகிறது. குறி அங்கேதான் தவறுகிறது.

மோட்டார் சைக்கிள் விபத்து எப்படி நடக்கிறது என்று உட்கார்ந்து ஆராய்ந்த ஒருவர் இருந்தார். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட். அவருடைய குழு 1970களில் லொஸ் ஏஞ்சலிஸில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. 1981இல் அறிக்கை வந்தது. விபத்துக்குச் சற்று முன் வண்டிகள் போன வேகத்தின் இடைநிலை மணிக்கு 48 கிலோமீற்றர்தான். நாம் நினைப்பதுபோல் பறந்தவர்கள் மட்டும் விழவில்லை. மற்ற வாகனத்தோடு மோதியவற்றில் மூன்றில் இரண்டு, மற்ற வாகனத்தை ஓட்டியவர் வழி விடாமல் குறுக்கிட்டதால் நடந்தவை. விபத்துக்குள்ளானவர்களில் நூற்றுக்கு 92 பேர் தாமாகவோ, குடும்பத்தாரிடமோ, நண்பர்களிடமோ ஓடப் பழகியவர்கள். பெரிய எஞ்சின் வண்டிகள் விபத்துகளில் அவற்றின் பங்குக்குக் குறைவாகவே காணப்பட்டன. ஆனால் அகப்பட்டால் காயம் கடுமையாக இருந்தது.

இவை எல்லாவற்றிலும் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. விபத்துக்குள்ளானவர்களுக்குச் சராசரியாக மூன்று ஆண்டு அளவில் வீதி அனுபவம் இருந்தது. ஆனால் விழுந்த அந்த வண்டியில் பாதிக்கு மேற்பட்டோருக்கு 5 மாதப் பழக்கம்கூட இல்லை. ஓட்டம் தெரிந்தவர்கள்தான், கையில் இருந்த வண்டி புதிது.

இது நம் ஊருக்கும் பொருந்தும். பழைய சிடி 100 ஏறத்தாழ 110 கிலோ. ஒரு பல்சர் 150 ஏறத்தாழ 145 கிலோ, வலுவும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. பழைய வண்டியில் எந்த இடத்தில் பிரேக் பிடித்தால் எங்கே நிற்கும் என்பது மருமகனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். புதியதில் அந்தக் கணக்கு முழுவதும் பிழைக்கும். டிஸ்க் பிரேக்கை டிரம் பிரேக் என்று நினைத்து மணல் கிடக்கும் வளைவில் அழுத்திப் பிடித்தால் முன் சில்லு வழுக்கிவிடும். முறுக்கினால் பாயும் தூரமும் மாறிவிடும். வேகம் 40இலிருந்து 60க்கு ஏறினால் மோதலின் சக்தி ஒன்றரை மடங்காகாது, இரண்டேகால் மடங்காகும். இத்தனை மாறியும் உடம்பு பழைய வண்டியின் பழக்கத்தையே வைத்துக்கொண்டு ஓடும் அந்த முதல் மாதங்கள்தான் அக்கா பயப்பட வேண்டிய மாதங்கள்.

வீதியும் முன்னைய வீதி இல்லை. போர்க்காலத்தில் ஏ15 பாதையில் குழிதான் எங்களுக்கு வேகத்தடை. இன்றைக்குச் செங்கலடியிலிருந்து வாழைச்சேனை வரைக்கும் காப்பட். ஆனால் அந்தக் காப்பட்டின் மேல் இரவில் சூட்டுக்கு மாடு படுத்திருக்கிறது. விளக்கில்லாத லான்மாஸ்ரர் வயலிலிருந்து ஏறுகிறது. மண் ஏற்றிய டிப்பர் எதிரே வெளிச்சத்தை இறக்காமல் வருகிறது. ஒழுங்கையிலிருந்து ஆட்டோ பாராமல் திரும்புகிறது. பொலநறுவைப் பக்கம் போனால் புனானை தாண்டி யானை. இவை எதுவும் வண்டி 100ஆ 150ஆ என்று கேட்பதில்லை. 100 சிசி வண்டியும் 80ஐத் தொடும். இலங்கை வீதிகளில் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்டோர் சாகிறார்கள். அவர்களில் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் பெருந்தொகை. நம் ஊர்களில் பெரும்பாலானோர் ஓடுவது சின்ன வண்டிகளைத்தான்.

இனி மருமகனின் பக்கம். அவன் முதலில் சொன்ன காரணங்கள் தேவைக் காரணங்கள்: பஸ்ஸை முந்த இழுவை போதாது, பழைய வண்டியின் வெளிச்சம் காணாது, டயர் மெல்லிசு. எல்லாம் உண்மைதான். ஆனாலும் தாய்மார் இப்படிப்பட்ட காரணங்களை நம்புவதில்லை, அதற்கும் நியாயம் இருக்கிறது. வெளிச்சம் காணாவிட்டால் பல்ப் மாற்றலாம். நான் அவனிடம் சொன்னேன்: "மருமகன், ஆசை எண்டா ஆசை எண்டு சொல்லு. அதில என்ன வெட்கம்?" 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து ஆண்டுகளில் வயதுக்கு வந்த ஒரு தலைமுறைப் பொடியன்கள் தகப்பன்மாரின் பழைய வண்டியிலேயே வளர்ந்தார்கள். செக்கண்ட் ஹாண்ட் விலையோ எட்டாத உயரத்துக்குப் போனது. கூடப் படித்தவன் கட்டாரிலிருந்து படம் அனுப்புகிறான். சொந்தச் சம்பளத்தில், சொந்தப் பெயரில், தான் தெரிந்தெடுத்த ஒரு பொருள் வேண்டும் என்று 24 வயதில் ஒருவன் நினைப்பது குற்றமில்லை. ஆசையைத் தேவை என்று வேடம் கட்டி அனுப்பும்போதுதான் வீட்டில் நம்பிக்கை கெடுகிறது. ஆசை என்று ஒப்புக்கொண்டவன், அதற்கான விலையையும் தானே கொடுக்க வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறான்.

அந்த விலையில் முதலாவது காசு. அத்தானின் மௌனத்துக்குள் இருந்தது இதுதான். ஹோட்டல் வேலையில் சம்பளத்தோடு சேவைக் கட்டணமும் சேர்ந்தால்தான் கைக்கு ஏதோ வரும். வாடைக்காற்றுக் காலத்தில் பாசிக்குடாவில் அறைகள் காலியாகும், சேவைக் கட்டணமும் சுருங்கும். லீசிங் தவணை மட்டும் சுருங்காது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், கொரோனாவிலும், 2022 நெருக்கடியிலும் இந்தக் கரை வெறிச்சோடிக் கிடந்ததை அத்தான் மறக்கவில்லை. 2022இல் கியூஆர் முறை வந்த தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல். லீற்றருக்கு 60 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு அது 240 கிலோமீற்றர். 40 ஓடும் வண்டிக்கு 160. பெற்றோல் செட் வரிசையில் நின்றவருக்கு இந்த 80 கிலோமீற்றர் வித்தியாசம் வெறும் இலக்கமில்லை. எனவே தகப்பனின் கேள்வி நேரானது: கெட்ட மாதத்திலும் தவணை கட்ட முடியுமா? நல்ல மாதத்தை வைத்துப் போடும் கணக்குக் கணக்கே இல்லை.

அப்படியானால் "வேண்டாம்" என்று ஒரேயடியாக மறித்துவிட்டால் என்ன? அதையும் ஒரு நாடு செய்து பார்த்திருக்கிறது. ஜப்பானில் உயர்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு 1982இல் ஓர் இயக்கத்தை ஏற்றுக்கொண்டது: மாணவர் மோட்டார் சைக்கிளுக்கு லைசன் எடுக்கக் கூடாது, வண்டி வாங்கக் கூடாது, ஓடக் கூடாது. மூன்று "கூடாது". அது பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. ஆனால் மறிக்கப்பட்டவன் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறிய அடுத்த நாள், யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்காத நிலையில்தான் வீதிக்கு வருகிறான். சைத்தாமா மாகாணம் 2019இல் தன் தடையை நீக்கி, ஓட விரும்பும் மாணவருக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கும் வழிக்கு மாறியது. தடை ஆபத்தைத் தள்ளிப்போடும். தள்ளிப்போட்ட நாட்களில் யாரும் எதுவும் கற்றுக்கொள்வதில்லை.

தடைக்குப் பதில் இன்னொரு வழியும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் படி முறை. முதலில் 125 சிசி. அடுத்து 35 கிலோவாற் வலு வரைக்குமான வண்டி. அதில் இரண்டு ஆண்டு அனுபவம் இருந்தால்தான் எல்லையில்லாப் பெரிய வண்டிக்கு இளவயதில் அனுமதி. நம் நாட்டு லைசனில் மோட்டார் சைக்கிளுக்கு இரண்டே வகுப்பு: 100 சிசி வரை ஏ1, அதற்கு மேல் ஏ. ஏ எடுத்தவன் 110இலிருந்து 150க்கும் 250க்கும் போகலாம்; நடுவில் ஒருவரும் மறித்து "பிரேக் பிடிச்சுக் காட்டு" என்று கேட்கமாட்டார்கள்.

நான் அந்த வீட்டில் சொன்னதன் சாரம் இதுதான்: சட்டம் போடாத படியை வீடு போட வேண்டும். தாயின் பயம் ஒரு தடுப்புச் சுவராக நிற்க வேண்டியதில்லை. அதைக் கொண்டே படி கட்டலாம்.

அன்றிரவு பேசிப் பேசிச் சில விதிகள் உருவாகின. வண்டிக்கு முதல் ஹெல்மெட். தலைக்குப் பொருந்துகிறதா என்று போட்டுப் பார்த்து, வண்டிக் காசோடு சேர்த்து அல்லாமல் தனிக் காசில். ஹெல்மெட் சாவு ஆபத்தை 42 வீதமும் தலைக்காய ஆபத்தை 69 வீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்த ஒரு மீளாய்வு 2008இல் சொன்னது. பட்டியைப் பூட்டாமல் தலையில் வைத்தவனுக்கு இந்த எண்கள் பொருந்தா. முதல் ஆறு மாதம் பின்னால் ஆள் ஏற்றுவதில்லை, வேலைப் பாதை தவிர இரவில் தூரப்பயணம் இல்லை. விடியக்காலையில் கல்குடாப் பக்கம் ஆளில்லாத வீதியில் பிரேக் பிடித்துப் பழகுவது. மூன்றாந்தரப்புக் காப்புறுதி எதிராளியின் சேதத்துக்குத்தான் என்பதால் முழுக் காப்புறுதி. தவணை, சேவைக் கட்டணம் இல்லாத வெறுஞ்சம்பளத்தின் நாலில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இந்த ஆண்டு வண்டி இல்லை.

அக்காவுக்கும் ஒரு விதி போட்டோம். அதைத்தான் அவள் கடைசி வரைக்கும் எதிர்த்தாள். மகன் ஷிப்ட் முடிந்து புறப்பட்டுக் கால் மணித்தியாலம் ஆகாது, அவள் போன் எடுத்துவிடுவாள். எடுக்காவிட்டால் அவளுக்கு நெஞ்சு பதறும். எடுத்தால் அவன் ஒரு கையில் போனும் ஒரு கையில் வண்டியுமாகக் கிரான் சந்தியைக் கடப்பான். பிள்ளைக்காகப் பயந்து எடுத்த அழைப்பே பிள்ளைக்கு ஆபத்தாக முடியலாம். இனி அவன் புறப்படும்போது ஒரு மெசேஜ், வந்து சேரும்வரை போன் இல்லை. பயத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த அரை மணித்தியாலத்தை அவள் சுமக்க வேண்டும் என்று கேட்டோம். மகனின் ஆசைக்குத் தாய் கொடுக்கும் பங்கு அது, சின்னப் பங்கும் இல்லை. அதை மகன் தெரிந்துகொண்டே சாவியைத் திருப்ப வேண்டும்.

இளையோருக்குச் சொல்வேன்: "நான் பெரியாள்" என்பது பெற்றோரின் பயத்துக்குப் பதில் ஆகாது. எந்தப் பாதை, எந்த நேரம், எவ்வளவு பழகினேன், எவ்வளவு கட்டுவேன் என்பவைதான் பதில்கள். பெற்றோருக்குச் சொல்வேன்: வண்டியின் பருமனுக்குப் பயப்படாதீர்கள், முதல் ஐந்து மாதத்துக்கும், இரவு வீதிக்கும், பூட்டாத பட்டிக்கும், உங்கள் சொந்தப் போன் அழைப்புக்கும் பயப்படுங்கள். "வேணாம்" என்று சொல்லி எழும்பிப் போகாமல், "எப்ப எடுக்கிறாய், எப்படிப் பழகப் போறாய்?" என்று கேட்டு உட்காருங்கள். பிள்ளை உங்களிடம் உண்மை பேசும் காலம் கொஞ்சம்தான். அதை ஒரு வண்டிக்காக இழக்க வேண்டாம்.